விழிப்பு யார் கடன்?

கைத்தொலைபேசியை ஆபத்தின்றிப் பயன்படுத்துவது எவ்வாறு என்பது பற்றி அறிவுரை கூறாதார் இன்று எவருமிலர். வங்கி கூறுகின்றது, பொலிஸார் கூறுகின்றனர், பாடசாலையின் காலைக் கூட்டத்தில் அதிபர் கூறுகின்றார், தொலைபேசிக் கம்பனியும் தன் விளம்பரங்களுக்கிடையே ஒரு குறுஞ்செய்தியாகக் கூறி வைக்கின்றது. கடவுச்சொல்லை எவருக்கும் வெளியிடாதீர். அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறவாதீர். வாகனம் ஓட்டுகையிற் பேசாதீர். தலையணையின் கீழ் வைத்து மின்னேற்றாதீர். படத்தை அனுப்புமுன் இருமுறை சிந்தியுங்கள். இவ்வாக்கியங்கள் யாவும் ஒரே இலக்கண அமைப்பின என்பது நோக்கத்தக்கது. அனைத்தும் ஏவல்; அனைத்திலும் எழுவாய் தோன்றா எழுவாய். தோன்றாது நிற்கும் அவ்வெழுவாய் எப்பொழுதும் 'நீங்கள்' என்பதே. வங்கியோ, கம்பனியோ, அரசோ எந்த வாக்கியத்துக்கும் எழுவாயாக நிற்பதில்லை.

இவ்வறிவுரைகள் பொய்யானவை என்பது எமது கருத்தன்று. அவற்றுட் பல உயிரையும் உடைமையையும் காப்பவை. ஆயினும், பயனுள்ள அறிவுரை என்பது வேறு. அறக்கடமை என்பது வேறு. இரவில் தனிவழி செல்லாதிருத்தல் நல்ல யோசனையாகலாம். அதனைக் கேளாது சென்று வழிப்பறிக்கு ஆளானவன் குற்றவாளியாகிவிடுவதில்லை. கைத்தொலைபேசி விஷயத்தில் இவ்வேறுபாடு மறைக்கப்படுகின்றது. ஏமாற்றப்பட்டவன் முட்டாள் என்றும், படம் பரப்பப்பட்டவள் ஒழுக்கங் கெட்டவள் என்றும், பணம் இழந்தவர் கவனம் அற்றவர் என்றும் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. தீர்ப்பு வழங்கப்பட்ட பின் வேறெவரையும் விசாரிக்க வேண்டிய தேவை இல்லாதொழிகின்றது. ஆகவே, விழிப்பாயிருத்தல் யாருடைய கடன் என்னும் வினா, கருவியொன்றைக் கையாளும் முறை பற்றிய வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவுமாகும்.

இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், ஆபத்துக்களை முதலில் இருவகையாகப் பிரித்து நோக்குதல் அவசியம். எமது கையிலுள்ள கருவியால் நாம் பிறருக்கு இழைக்கும் தீங்கு ஒருவகை. அதே கருவியின் வழியாகப் பிறர் எமக்கு இழைக்கும் தீங்கு மற்றொருவகை. அறிவுரைப் பட்டியல்கள் இவ்விரண்டையும் ஒரே நிரலில் வைத்து ஒரே குரலிற் பேசுகின்றன. குழப்பத்தின் ஊற்று இதுவே.

முதல்வகையை எடுத்துக்கொள்வோம். தொலைபேசியிற் பேசிக்கொண்டோ, அதன் திரையை நோக்கிக்கொண்டோ வாகனம் செலுத்தும் சாரதி, அவ்வாறு செய்யாதவரிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு விபத்துக்குள்ளாகக் கூடியவர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவியைக் கையிற் பிடியாது, காதில் மாட்டிப் பேசினால் ஆபத்து நீங்கிவிடும் என எண்ணுவோர் பலர். அதுவும் பெரிதும் பாதுகாப்பானதன்று என்பதே ஆய்வுகளின் முடிவு. ஏனெனில், இங்கு குறைபடுவது கையன்று, கவனம். பஸ் வண்டியொன்றில் ஐம்பது பேர் தம் உயிரை ஒருவரது கவனத்திடம் ஒப்படைத்து அமர்ந்திருக்கின்றனர். அக்கவனத்தைப் பிரித்து வேறொரு பேச்சுக்குக் கொடுக்கும் உரிமை அவருக்கில்லை. இவ்விடத்தில் வறுமையையோ, வேலைச் சுமையையோ, சமூக அமைப்பையோ காரணங் காட்டித் தனிமனிதன் தப்பிவிட முடியாது. ஏவல் வாக்கியம் இங்கு முழு நியாயமுடையது.

வதந்தியைப் பரப்புவதும் இவ்வகையினதே. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் மலடாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்படுகின்றது என்னும் ஆதாரமற்ற கதை தொலைபேசிகளின் வழியே ஓடிற்று. அங்கு வன்முறை மூண்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் அதன் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் சில நாள்களுக்கு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கிற்று. அக்கதையைத் தாம் ஆக்கவில்லை, வந்ததை அனுப்பினோம் என்று கூறியவர் எத்தனையோ பேர். ஆனால், நெருப்பை மூட்டாது கைமாற்றிக் கொடுத்தவனுக்கும் எரிந்த வீட்டில் பங்குண்டு. அதே வேளையில், அன்றைய நிகழ்ச்சிகளில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியமையையும் மறத்தலாகாது. அனுப்பியவனின் பொறுப்பும் அனுப்பும் வழியை அமைத்து ஆதாயம் பெற்றவனின் பொறுப்பும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. இரண்டும் ஒருங்கே நிற்பன.

இனி, இரண்டாம் வகைக்கு வருவோம். தொலைபேசி வழியாக நிகழும் பண மோசடி எவ்வாறு வெற்றி பெறுகின்றது? உங்கள் பெயருக்கு வந்த பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது, உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படவுள்ளது, பொலிஸ் நிலையத்திலிருந்து பேசுகின்றோம் என்றெல்லாம் ஒரு குரல் கூறும். உடனடியாக ஏதாவது செய்யாவிடின் பெருநட்டம் நேரும் என அச்சுறுத்தும். பின்னர், ஓ.ரி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவெண்ணை வாசித்துக் காட்டுமாறு கேட்கும். இச்சூழ்ச்சி முட்டாள்தனத்தை நம்பி அமைந்ததன்று. அதிகாரக் குரலுக்கு அடங்கும் பழக்கத்தையும், கடனுக்கும் வழக்குக்கும் அஞ்சும் நெஞ்சையும் நம்பி அமைந்தது. இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? கந்தோர் வாசலிற் கைகட்டி நிற்கவும், கேட்ட பத்திரத்தைக் கேட்டவுடன் நீட்டவும் எம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றப்பட்டவர்கள். அவ்வாறு பயிற்றிய சமுதாயமே இன்று, 'கேட்டவுடன் ஏன் கொடுத்தாய்?' என அவர்களை வினவுகின்றது.

மொழியும் இங்கு தன் பங்கைச் செய்கின்றது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றது. அதில் ஆறு இலக்கங்களும், அவற்றை எவருக்கும் கூறவேண்டாம் என்னும் எச்சரிக்கையும் இருக்கும். ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு அச்செய்தியில் வாசிக்கக் கூடியவை அவ்வாறு இலக்கங்கள் மட்டுமே. எச்சரிக்கை அவருக்கு வெறுங் கோடுகளாய்த் தோன்றும். மோசடிக்காரனோ தமிழிலோ சிங்களத்திலோ மரியாதையாகப் பேசுகின்றான். வாடிக்கையாளரின் மொழியிற் பேசுவதில் வங்கியிலும் மோசடிக்காரன் அக்கறை காட்டுகின்றான் என்பது வேதனைக்குரிய உண்மை.

மறுமுனையிற் பேசுபவன் யார் என்பதையும் நாம் ஆராயவேண்டும். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மியன்மாரிற் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இணையவழி மோசடித் தொழிலிற் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம். கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர்கள், கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டு, வேலிக்குள் அடைக்கப்பட்டு, அடிக்கும் உதைக்கும் அஞ்சி அயல்நாட்டாரை ஏமாற்றுகின்றனர். மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இவ்வாறு சிக்கிய இலங்கை இளைஞர் சிலர் 2024ஆம் ஆண்டில் மீட்கப்பட்டனர். ஆகவே, தொலைபேசியின் இருமுனைகளிலும் வேலையற்றவனும் ஏழையும் அமர்ந்திருத்தல் கூடும். ஆதாயம் இருவருக்கும் உரியதன்று. இத்தகைய பெருந்தொழிலுக்கு எதிராக, 'நீங்கள் கவனமாக இருங்கள்' என்னும் ஒரு வாக்கியத்தை மட்டும் ஆயுதமாகக் கொடுத்துத் தனிமனிதனைக் களத்தில் நிறுத்துகின்றோம்.

அறிவுரைகள் கற்பனை செய்துகொள்ளும் மனிதன் எத்தகையவன் என்பதும் நோக்கற்பாலது. அவனுக்கெனத் தனித் தொலைபேசி உண்டு. தனி அறை உண்டு. கருவி பழையதானவுடன் புதியது வாங்கப் பணம் உண்டு. மலையகத்து லயன் அறையொன்றில் நிலைமை வேறு. தாயும் தந்தையும் மூன்று பிள்ளைகளும் ஒரே கருவியைப் பயன்படுத்தும் வீடுகள் பல. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பாடங்கள் அவ்வொரு கருவிக்குள்ளேயே வந்து சேர்ந்தன. தந்தை வேலை முடிந்து திரும்பும்வரை பாடத்துக்காகக் காத்திருந்த மாணவரையும், அலை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறிய மாணவரையும் ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். 'கருவியைப் பிறர் கையிற் கொடாதீர்' என்னும் விதி அவ்வீட்டில் எவ்வாறு செல்லுபடியாகும்? விலை மலிந்த பழைய கருவிகளுக்குச் சில ஆண்டுகளின் பின், பாதுகாப்புத் திருத்தங்களை உற்பத்தியாளர் அனுப்புவதில்லை. அப்பொழுது அக்கருவியைக் கைவிட்டுப் புதியது வாங்குமாறு கூறுவதே அறிவுரை. பாதுகாப்பும் இவ்வாறு விலைக்கு விற்கப்படும் பண்டமாகின்றது. வாங்க இயலாதவர் கவனமற்றவர் எனப்படுகின்றார்.

தொலைபேசியே பாதுகாப்பாக அமையும் வாழ்க்கைகளும் உள. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் எம் நாட்டுப் பெண்களிடமிருந்து சில எசமானர்கள் முதலிற் பறிப்பது அக்கருவியையே. அது பறிபோன நாளில் அவள் குரல் வீட்டுச் சுவருக்குள் அடங்கிவிடுகின்றது. அத்தகையவளை நோக்கித் தொலைபேசியின் தீமைகளை விரித்துரைப்பது யாருக்கு உதவும்?

எமது பாடசாலைகளில் அடிக்கடி எழும் பிரச்சினையொன்றை இங்கு ஆராய்தல் தகும். ஒரு மாணவி தான் நம்பிய ஒருவனுக்குத் தன் படமொன்றை அனுப்புகின்றாள். அவன் அதனைப் பலருக்கு அனுப்புகின்றான். செய்தி வெளிப்பட்டதும், பெற்றோரும் ஆசிரியரும் முதலில் வினவுவது, 'ஏன் அனுப்பினாய்?' என்பதையே. அவளிடமிருந்து தொலைபேசி பறிக்கப்படுகின்றது. அவள் வேறு பாடசாலைக்கு மாற்றப்படுகின்றாள், அல்லது படிப்பை நிறுத்துகின்றாள். அவனோ அதே வகுப்பிலிருந்து பரீட்சை எழுதுகின்றான். அவள் செய்தது நம்பியமை. அவன் செய்தது நம்பிக்கைத் துரோகம். இவற்றுள் முன்னதற்குத் தண்டனையும் பின்னதற்கு மௌனமும் வழங்கும் நியாயத்தை எந்த அறநூலிலிருந்து நாம் பெற்றோம்? மேலே பிரித்த இருவகைகளுட் படம் பரப்பியவனே முதல்வகையிற் சேர்பவன். ஏவல் வாக்கியம் அவனுக்கே உரியது. ஆனால் நாம் அதனை அவளை நோக்கியே உரைக்கின்றோம். இவ்வாறு உரைப்பதன் விளைவு யாதெனில், மிரட்டலுக்குள்ளாகும் அடுத்த மாணவி எவரிடமும் வாய்திறவாள். மௌனத்திலேயே மிரட்டுபவன் வாழ்கின்றான்.

தாக்கப்பட்டவரையே குற்றஞ்சாட்டும் இம்முறை வரலாற்றில் புதிதன்று. இங்கிலாந்தின் ஆலைகளிற் சுழலும் தண்டுகளில் ஆடை சிக்கிக் கை கால்களையும் உயிரையும் தொழிலாளர் இழந்த காலத்தில், அதற்குக் காரணம் அவர்களது கவனயீனமே என ஆலை முதலாளிகள் வாதிட்டனர். ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிடவேண்டும் என 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பணித்தது. அவ்விதியை எதிர்ப்பதற்கென்றே 1855ஆம் ஆண்டில் முதலாளிகள் சங்கம் அமைத்தனர். கவனமாயிருக்கும்படி தொழிலாளருக்குப் போதிப்பதற்குச் செலவில்லை. வேலியிடுவதற்குச் செலவுண்டு. போதனையின் மீது முதலாளிகளுக்கு ஏற்பட்ட ஆர்வத்தின் பொருளாதார அடிப்படை இதுவே. எனினும், ஈற்றில் உயிர்களைக் காத்தது வேலியே.

எமது காலத்தில் ஓர் உதாரணம் கூறுவதாயின், 2016ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனத்தின் கலக்ஸி நோட் 7 என்னும் தொலைபேசிகள் தீப்பற்றலாயின. ஏறத்தாழ 25 இலட்சம் கருவிகள் திருப்பி அழைக்கப்பட்டன. மாற்றாக வழங்கப்பட்டவையும் தீப்பற்றவே, உற்பத்தி முற்றாக நிறுத்தப்பட்டது. குற்றம் மின்கலங்களில் இருந்தமை 2017 ஜனவரியில் வெளியான விசாரணை முடிவால் உறுதியாயிற்று. மின்னேற்றும்போது அருகிலிருந்து காவல் காத்தவரின் கருவியும் எரிந்தே இருக்கும். பாதுகாப்பு என்பது பயன்படுத்துவோன் மனத்தில் மட்டும் பிறப்பதன்று. பொருள் ஆக்கப்படும் இடத்திலேயே ஆக்கப்பட வேண்டியது என்பதற்கு இது சான்று.

பண மோசடியிலும் இவ்வுண்மை மெல்ல மெல்ல ஏற்கப்பட்டு வருகின்றது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கு, 85,000 பவுண் வரை, அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஈடுசெய்ய வேண்டும் என்னும் விதி பிரித்தானியாவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், போலிச் செய்திகளால் நேரும் சிலவகை இழப்புக்களை, தத்தம் கடமையிற் தவறிய வங்கியோ தொலைபேசி நிறுவனமோ ஏற்கவேண்டும் என்னும் ஒழுங்கு சிங்கப்பூரில் வந்தது. இவை முதலாளித்துவ நாடுகள். இரக்கத்தால் மட்டும் இவற்றைச் செய்தன எனக் கொள்ளுதல் பொருந்தாது. நட்டம் யாருடையதோ அவரே விழித்திருப்பார் என்னும் எளிய உண்மையை அவை கண்டுகொண்டன. சந்தேகத்துக்குரிய பணமாற்றை நிறுத்தி வைக்கவும், போலிக் கணக்குகளை இனங்காணவும் வல்லது வங்கியேயன்றி ஓய்வூதியம் பெறும் முதியவரல்லர்.

எம் நாட்டு நிலைமை எவ்வாறுள்ளது? இரு சட்டங்களை ஒப்புநோக்கலாம். மக்களைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து வைத்திருக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதற்கென, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி முதலாந் திகதியே நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் இணையவழி மோசடிக்கும் துன்புறுத்தலுக்கும் தண்டனை விதிக்கின்றது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால், எது பொய்க் கூற்று என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழுவுக்கு அது வழங்குவதால், பேச்சுரிமை பறிபோகும் எனப் பத்திரிகையாளரும் மனித உரிமை அமைப்புக்களும் எதிர்த்தனர். நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு அவகாசம் கிடைத்தது. குடிமக்களின் பேச்சைத் தொடும் சட்டத்துக்கு அவகாசம் தேவைப்படவில்லை. விழிப்பு யாரிடம் எதிர்பார்க்கப்படுகின்றது என்பதை இவ்விரண்டின் வேகமும் காட்டும்.

இவ்விடத்து இருவேறு ஆட்சேபங்கள் எழலாம். இழப்பைப் பிறர் ஏற்பராயின் மக்கள் அசட்டையாகிவிடுவர் என்பது ஒன்று. பிரித்தானிய விதி இதற்கும் இடம் வைத்துள்ளது. பெரும் அசட்டை நிரூபிக்கப்பட்டால் ஈடு மறுக்கப்படலாம், ஆயினும் நலிவுற்ற நிலையிலுள்ளோருக்கு அவ்விலக்குப் பொருந்தாது. மேலும், தன் வாழ்நாட் சேமிப்பை இழக்கும் அச்சமும் அவமானமும் போதாதென்று, ஈடு கிடைக்கும் என்பதற்காக ஒருவர் வேண்டுமென்றே ஏமாறுவார் எனக் கருதுவது மனித இயல்பை அறியாதார் கூற்று.

மற்றைய ஆட்சேபம் எமது அணியிலிருந்தே வரக்கூடியது. எல்லாத் தீமைக்கும் மூலம் சமுதாய அமைப்பே. அது மாறும்வரை தனிமனிதனுக்கு ஒழுக்கம் போதிப்பது வீண் எனக் கூறுவாருமுளர். இதுவும் பிழையான முடிபே. திகனையில் வீடுகள் எரிந்தபோது, சமுதாய அமைப்பு மாறும்வரை அவ்வதந்தியை அனுப்பாதிருக்க எவராலும் இயலாதிருந்ததா? அமைப்பைச் சுட்டி, தான் பிறருக்குச் செய்யும் தீங்கை மறைப்பவன், தாக்கப்பட்டவனைச் சுட்டித் தன் இலாபத்தை மறைப்பவனுக்குத் தம்பிமுறையானவன்.

இப்பாகுபாடு தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. திருக்குறளின் அதிகார வைப்பை நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் இல்லறவியலில் உள்ளன. சொல்லாற் பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல், வீட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் விதித்த கடன். அயராத விழிப்பைப் பேசும் பொச்சாவாமையும், எவரை நம்புவது என்பதை ஆராயும் தெரிந்துதெளிதலும் பொருட்பாலில் அரசியலில் வைக்கப்பட்டுள்ளன. அவ்வறிவு அனைவருக்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விழித்திருக்க வேண்டியவன் யார் என்ற வினாவுக்கு நூலமைப்புத் தரும் விடை, அதிகாரம் உடையவன் என்பதே. அரசனுக்குரிய விழிப்பைக் குடியானவன் தலையிற் சுமத்திவிட்டு, அரசனை உறங்க விடுவது அந்நூலின் கருத்தாயிருத்தல் இயலாது. வள்ளுவர் காலத்து அரசன் இருந்த இடத்தில் இன்று அரசும் வங்கியும் தொலைபேசிக் கம்பனியும் இருக்கின்றன.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது என்ன? விதிகளைக் கட்டளைகளாக ஒப்புவிப்பதை விடுத்து, காரணங்களோடு கற்பிக்கலாம். ஒருமுறைக் கடவெண் என்பது வீட்டுத் திறவுகோல் போன்றது என்பதையும், அவசரப்படுத்தும் குரலை அவசரத்தாலேயே இனங்காணலாம் என்பதையும், அழைப்பைத் துண்டித்து வங்கி அட்டையில் அச்சிடப்பட்ட இலக்கத்துக்கு நாமே அழைத்து விசாரிக்க முடியும் என்பதையும் ஒரு பாடவேளையில் விளக்கலாம். வங்கிக் குறுஞ்செய்தியொன்றைக் கரும்பலகையில் எழுதி, அதன் ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழிற் கூறலாம். மாணவர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று தாய்க்கும் பாட்டிக்கும் கூறுவர். வந்ததை ஆராயாது பிறருக்கு அனுப்பும் பழக்கத்தையும், நம்பி அனுப்பப்பட்ட படத்தைப் பரப்பும் இழிவையும் வகுப்பறையிற் கடுமையாகக் கண்டிக்கலாம். துன்புற்று வரும் பிள்ளையிடம் முதல் வினாவாக, 'ஏன் செய்தாய்?' என்பதை விடுத்து, 'உனக்கு இதைச் செய்தவர் யார்? இனி நாம் என்ன செய்யலாம்?' என வினவலாம். சான்றுகளை அழியாது வைக்கவும், முறைப்பாடு செய்யவும் அவள் பக்கத்தில் நின்று உதவலாம்.

இவற்றோடு நின்றுவிடின் நாமும் அறிவுரைப் பட்டியலின் மற்றொரு பக்கமாகவே முடிவோம். ஆசிரியர் சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புக்களுக்கும் கோரிக்கைகள் வேண்டும். வங்கிகள் வாடிக்கையாளரின் தாய்மொழியில் எச்சரிக்கட்டும். புதியவருக்கு அனுப்பப்படும் பெருந்தொகையைச் சிறிது நேரம் தாமதிக்கட்டும். மோசடியால் வரும் நட்டத்தில் தம் பங்கை ஏற்கட்டும். தொலைபேசிக் கம்பனிகள் தாம் விற்கும் கருவிக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு உண்டு என்பதை விலையோடு சேர்த்துக் கூறட்டும். அரசு, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கும் குடிமக்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்குக் காட்டிய வேகத்தைக் காட்டட்டும். இவ்வாக்கியங்களில் எழுவாய் வெளிப்படையாகவே நிற்கின்றது. தோன்றா எழுவாயாக இத்தனை காலம் அறிவுரை கேட்டு நின்ற மக்கள், இனிமேல் இவற்றை உரக்கக் கேட்கும் உரிமையுடையர்.